முதலில் கண், அப்புறம் கால், கடைசியில்தான் விரல்: ஷூட்டர் கேமில் சண்டை பழகுவது

நீடாமங்கலத்தில் அக்கா வீட்டுத் திண்ணை. சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். அக்கா மகன் தூணில் சாய்ந்துகொண்டு ஃபோனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடிக்கொண்டிருந்தான். கும்பகோணத்தில் கல்லூரி முதலாம் ஆண்டு. கூடப் படிக்கிற மூன்று பேரோடு சேர்ந்து ஸ்குவாட், அதாவது நாலு பேர் அணி, போடுகிறான். நாலு பேரில் முதலில் சாகிறவன் தினமும் இவன்தான். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. ஃபோனைத் தொடையில் கவிழ்த்து வைத்தான்.

"எவன் சுட்டான்னே தெரியல மாமா. நான் திரும்புறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எனக்குக் கை வேகம் பத்தல."

"அடுத்த மேட்ச் ஆடு மாப்ளே. நான் பேசாம பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

பார்த்தேன். வீட்டுக்குள் நுழையும்போது அவன் பார்வை தரையில் கிடந்த துப்பாக்கியில் இருந்தது. மாடிப்படி ஏறும்போது கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் இருக்கிற குறி, அடுத்த படியைக் குறிபார்த்தது. எதிரி தென்பட்டதும் ஓடிக்கொண்டே சுட்டான். முதல் நாலு தோட்டா இடுப்புக்குக் கீழே போனது, மீதி எல்லாம் வானத்துக்குப் போனது. எதிரி நின்ற இடத்தில் நின்று ஒரு நொடிக்குள் இவனை முடித்தார். இதில் கை வேகம் எங்கேயும் குறுக்கே வரவில்லை. சண்டை தொடங்குமுன்பே இவன் தோற்றிருந்தான்.

புதிதாக ஆட வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நான் மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிப் பழகியவன். வரிசையாக நாலு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு லேன் கேபிள், மணிக்கணக்குக் காசு. அப்போது சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், ஒரு வாரத்தில் பிடிபட்டிருக்க வேண்டியதை நான் இரண்டு வருடம் தோற்றுத் தோற்றுக் கற்றேன். இப்போது ஆட்டங்கள் மாறிவிட்டன. 2020 ஜூனில் கம்ப்யூட்டரில் ஆடுகிற வாலரன்ட் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் பப்ஜி மொபைல் இங்கே தடை செய்யப்பட்டு, அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. ஆனால் சண்டையின் அடிப்படை அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். கண்ணில் ஒன்று பட்டு, மூளை அதைப் புரிந்துகொண்டு, விரல் அசைவதற்குச் சாதாரணமாகக் கால் நொடி ஆகிறது. நன்றாக ஆடுகிறவருக்கு அதைவிடக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். ஆக, எதிரி தெரிந்த பிறகு நடக்கிற பந்தயத்தில் உங்களுக்கும் அவருக்கும் பெரிய இடைவெளி கிடையாது. இடைவெளி அதற்கு முன்னால் இருக்கிறது. எதிரி தெரியும்போது அவருடைய கிராஸ்ஹேர் ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்கிறது, அவர் சுட மட்டும் செய்தால் போதும். நீங்களோ எதிரியைப் பார்த்து, கிராஸ்ஹேரை அங்கே இழுத்து, தாண்டிப் போனதைத் திரும்பக் கொண்டுவந்து, அப்புறம் சுடுகிறீர்கள். நாலு வேலைக்கும் ஒரு வேலைக்கும் நடக்கிற போட்டி அது.

கண்: ஸ்டிக்கர் பொட்டுப் பயிற்சி

அக்கா வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் வழக்கம்போல ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைப் பெயர்த்து, மாப்பிள்ளையின் ஃபோன் திரைக்குச் சரியாக நடுவில் ஒட்டினேன். "இந்த மேட்ச்ல யாரையும் சுட வேணாம். இந்தப் பொட்டு எங்க இருக்குன்னு மட்டும் பாத்துக்கிட்டே நட."

பத்து நிமிடம் நடந்தான். அப்புறம் அவனே சொன்னான், "பாதி நேரம் தரையில இருக்கு மாமா. மீதி நேரம் செவுத்துல இருக்கு." அதுதான் விஷயம். விளையாட்டில் கிராஸ்ஹேர் எப்போதும் இருக்கிறது, ஆனால் கண் அதைப் பழகிப்போய் மறந்துவிடுகிறது. சிவப்பாக ஒரு பொட்டு உறுத்திக்கொண்டே இருந்தால் மறக்க முடியாது. தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைத் திறக்கும்போது அது மறைக்கும் என்பதால் பயிற்சிக்கு மட்டும் ஒட்டுங்கள். இரண்டு நாள் போதும்.

பொட்டு எங்கே இருக்க வேண்டும்? அடுத்து எதிரியின் தலை தெரியக்கூடிய இடத்தில். கதவை நெருங்குகிறீர்கள் என்றால் கதவின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு. படி ஏறினால், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒருவர் நின்றால் அவர் தலை எங்கே வருமோ அங்கே. நாம் மேலிருந்து இறங்கும்போது இயல்பாகவே திரை அடிவானத்தைப் பார்க்கும், எதிரி கீழே இருப்பார், ஆகவே வேண்டுமென்றே தாழ்த்திக்கொள்ள வேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகளில் நிலை தாழ்வாக இருக்கும், பழகியவர் யோசிக்காமலே குனிந்து நுழைவார். இதுவும் அப்படி உடம்பில் ஊறுகிற பழக்கம்தான்.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், தலையில் படுவதற்கும் உடம்பில் படுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது. வாலரன்டில் முழு உயிர் 100, கனமான ஷீல்டு 50, ஆக 150. வேண்டல் துப்பாக்கியின் ஒரு தோட்டா தலையில் பட்டால் 160, எவ்வளவு தூரத்திலிருந்தும் அதே 160. ஒரே தோட்டாவில் ஆள் காலி. அதே தோட்டா உடம்பில் பட்டால் 40, நாலு தோட்டா வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 தலைக்கவசம் போட்டவரையும் ஒரே ஹெட்ஷாட்டில் சாய்க்கிறது. ஆகவே அந்த இரண்டு ஆட்டத்திலும் கிராஸ்ஹேர் ஒரு சாண் கீழே இருந்தால்கூட நஷ்டம். பிஜிஎம்ஐயில் கொஞ்சம் தளர்வு உண்டு. அங்கே நெஞ்சுக்குக் குறிவைத்துத் தொடங்குவதே புதியவருக்கு நல்லது. துப்பாக்கி தானாக மேலே ஏறும்போது அடுத்தடுத்த தோட்டாக்கள் கழுத்தையும் தலையையும் தொடும்.

இன்னொரு நுணுக்கம். ஒரு மூலையைக் காவல் காக்கிறீர்கள், எதிரி அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வருவார் என்று தெரியும். பெரும்பாலான புதியவர்கள் கிராஸ்ஹேரைச் சுவரின் விளிம்பில் ஒட்டி வைப்பார்கள். அது சரியாக வராது. நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஒருவர் ஓடி வந்தால், நீங்கள் பார்த்துச் சுடுகிற அந்தக் கால் நொடியில் அவர் ஒன்றேகால் மீட்டர் தாண்டியிருப்பார். தோட்டா அவருக்குப் பின்னால் சுவரைக் கொத்தும். விளிம்பிலிருந்து கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். ஓடி வருவார் என்று தோன்றினால் அதிகமாக, மெதுவாக எட்டிப் பார்ப்பார் என்று தோன்றினால் குறைவாக.

கால்: நின்று சுடு

திண்ணைக்கு எதிரே வாய்க்காலைத் தாண்டினால் வயல். நடவு முடிந்த தண்ணீரில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்றைக் காட்டிப் பார்க்கச் சொன்னேன். கொக்கு நடக்கிறது, நடக்கிறது, ஏதோ கண்ணில் பட்டதும் நின்றுவிடுகிறது. கழுத்துகூட அசைவதில்லை. அப்புறம்தான் கொத்துகிறது. அந்தக் கொக்கு நடந்துகொண்டே கொத்தவில்லை.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்களில் இது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரைஃபிளைப் பிடித்து ஓடும்போது சுட்டால் தோட்டா கிராஸ்ஹேர் காட்டும் இடத்துக்குப் போகாது, சுற்றிலும் சிதறும். கிராஸ்ஹேர் எதிரியின் நெற்றியில் இருந்தாலும் தோட்டா காதோரம் போகும். புதியவர் இதை அறியாமல் "என் எய்ம் மோசம்" என்று நினைத்துக்கொள்கிறார். எய்ம் சரிதான், கால்தான் நிற்கவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பட்டனை விட்ட பிறகும் உடம்பு கொஞ்சம் சறுக்கிக்கொண்டு போகும். வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இடது பக்க பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் சட்டென்று நிற்கும், அந்த நொடியில் சுட வேண்டும். இதற்குக் கவுன்டர் ஸ்ட்ரேஃப் என்று பெயர். வாலரன்டில் பட்டனை விட்டாலே சீக்கிரம் நின்றுவிடும். ஓடு, நில், சுடு, ஓடு, நில், சுடு. காலும் விரலும் தாளத்தில் சேர வேண்டும். வெறும் சுவரைப் பார்த்து ஐம்பது தடவை செய்தாலே பிடிபடும்.

பிஜிஎம்ஐயில் நிலைமை கொஞ்சம் வேறு. ஸ்கோப் திறக்காமல் ஓடிக்கொண்டே சுட்டால் கிராஸ்ஹேர் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதுதான் சிதறலின் அளவு. ஆனால் ஒரே அறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போடும்போது சிலைபோல நின்றால் செத்தோம்; அங்கே இடமும் வலமும் அசைந்துகொண்டேதான் சுட வேண்டும். தூரம் கூடக்கூட நிற்பது முக்கியம், நெருங்க நெருங்க அசைவது முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் என்றால் நிற்பது மட்டும் இல்லை, எங்கே நிற்கிறோம் என்பதும்தான். என் மாப்பிள்ளை அதிகமாகச் செத்தது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவன் பிஜிஎம்ஐயின் எரங்கல் மேப்பில் புல்வெளியில் குப்புறப் படுத்துக்கொள்வான். சம்பா பயிர் உயரத்துக்குப் புல். அவன் திரையில் பார்த்தால் சுற்றிலும் பச்சை, ஆளே தெரியாது, பத்திரமாக இருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் தூரத்தில் இருப்பவரின் திரையில் அந்தப் புல் வரையப்படுவதே இல்லை. ஃபோனுக்குச் சுமை குறையட்டும் என்று விளையாட்டு கிட்டத்துப் புல்லை மட்டும்தான் காட்டுகிறது. அவருக்கு இவன் அறுவடை முடிந்த வயலில் படுத்துக் கிடக்கிற மாதிரி தெரிகிறான். இதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "அப்ப இத்தனை நாளா எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்களா மாமா?" ஆமாம். மறைப்பது வேறு, தடுப்பது வேறு. புல் கிட்டத்தில் மறைக்கும், தோட்டாவைத் தடுக்காது. மரம், பாறை, சுவர், மண்மேடு தடுக்கும். புதியவர் ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இப்போது யாராவது சுட்டால் நான் எதன் பின்னால் போவேன்? பதில் இல்லையென்றால் அங்கே நிற்கக் கூடாது.

டெல்டாக்காரர்களான நமக்கு மேடு பள்ளம் பழக்கமில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதளம். ஆனால் ஆற்றங்கரை தெரியும் அல்லவா? வெண்ணாற்றங்கரையின் ஒரு பக்கச் சரிவில் ஒருவர் நின்றால், மறுபக்கத்து வயலில் இருப்பவருக்கு அவர் தலை மட்டும்தான் தெரியும். அவருக்கோ வயல் முழுக்கத் தெரியும். விளையாட்டில் மேட்டைப் பிடிக்கிறவர் ஜெயிப்பதற்குக் காரணம் இதுதான். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தாலே மறைந்துவிடுகிறார், கீழே இருப்பவர் மறைய முப்பது அடி ஓட வேண்டும். ஆனால் கரையின் உச்சியில் ஏறி நின்றுவிடாதீர்கள். உச்சியில் நிற்கிறவர் வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிவார். சரிவில் நில்லுங்கள், தலை மட்டும் தெரியட்டும்.

மூலைகளைப் பற்றி ஒன்று. சுவரின் மூலையில் ஒட்டி நின்று எட்டிப் பார்ப்பது பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மை தலைகீழ். மூலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்றால், மூலையிலிருந்து அதிகத் தள்ளி நிற்பவர்தான் முதலில் மற்றவரைப் பார்ப்பார். ஒட்டி நிற்பவரின் தோள் அவர் கண்ணுக்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நானும் மாப்பிள்ளையும் கூடத்துச் சுவர் மூலையில் செய்து பார்த்தோம். அவன் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்ந்தான், நான் நாலு எட்டு தள்ளி நின்றேன். அவன் சட்டைத் தோள் எனக்குத் தெரிந்தது, அவனுக்கு நான் தெரியவில்லை. இரண்டு பேரும் இடம் மாறியதும் அவன் சிரித்துவிட்டான். ஆகவே மூலையிலிருந்து தள்ளி வந்து, ஒரு நேரத்தில் ஒரு கீற்று மட்டும் தெரியும்படி வட்டமாக நகர்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று ஜன்னலுக்கு முகம் காட்டாமல், ஒரு ஜன்னலைப் பார்த்து முடித்த பிறகு அடுத்தது.

பிஜிஎம்ஐயை டிபிபி முறையில், அதாவது நம் ஆளையே வெளியிலிருந்து பார்த்தபடி, ஆடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. கேமரா முதுகுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கிறது. அதனால் மதில் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையை நீட்டாமலே உங்களைப் பார்க்கிறார். வெளியே ஓடி வருகிற உங்களுக்கு அவர் தெரியவே மாட்டார். "எங்கேயிருந்து சுட்டான்னே தெரியல" என்கிற புலம்பலில் பாதி இதனால் வருவது. டிபிபியில் ஒருவர் மறைவில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரை நோக்கி நேராக ஓடாதீர்கள். ஸ்மோக் போடுங்கள், கிரெனேட் வீசி அவரை நகர வையுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் சுற்றிப் போங்கள்.

நெட்டும் இதில் சேர்கிறது. பிங் 100 என்றால் உங்கள் ஃபோனிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. மறைவிலிருந்து ஒருவர் வெளியே வரும்போது, நிற்கிற நீங்கள் அவர் திரையில் உடனே தெரிகிறீர்கள். அவர் வந்த செய்தி சர்வருக்குப் போய் உங்களிடம் வந்த பிறகுதான் உங்களுக்கு அவர் தெரிவார். அந்தச் சின்ன இடைவெளி அவருக்குச் சாதகம். ஆகவே ஒரே இடத்தில் அசையாமல் காத்திருப்பதை நம்பியே ஆடாதீர்கள். ஒரு தடவை சுட்ட பிறகு இடத்தை மாற்றுங்கள், அவர் பழைய இடத்தைப் பார்த்து வெளியே வரட்டும். அப்புறம், வயலோரத்தில் டவர் ஒரு புள்ளி காட்டுகிற இடத்தில் உட்கார்ந்து ரேங்க் மேட்ச் (ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்குகிற மேட்ச்) போடாதீர்கள். மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் வைஃபையை நம்பியும் போடாதீர்கள். திறமைக்குச் சம்பந்தமில்லாத தோல்வி மனசை உடைக்கும்.

விரல்

இப்போதுதான் விரலுக்கு வருகிறோம்.

ட்ரெயினிங் கிரவுண்டில் எம்416 எடுத்து ஒரு வெறும் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். "ஒரே அழுத்தா முப்பது தோட்டாவும் விடு. கையால ஒண்ணும் பண்ணாத." சுட்டான். தோட்டாத் தழும்புகள் பந்தலில் ஏறுகிற புடலங்கொடி மாதிரி சுவரில் மேலே மேலே ஏறி, நடுவில் கொஞ்சம் பக்கவாட்டில் வளைந்தன. இதுதான் ரீகாயில். அடுத்த முப்பதுக்குச் சுடும்போதே விரலை மெதுவாகக் கீழே இழுக்கச் சொன்னேன். கொடி பாதி உயரத்தில் நின்றது. பத்தாவது தடவை ஒரு சொம்பு அகலத்துக்குள் பெரும்பாலான தழும்புகள் விழுந்தன. அவனால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்தக் கொடி வேறு மாதிரி ஏறும். 7.62 தோட்டா போடுகிற ஏகேஎம் பலமாக அடிக்கும், பலமாகத் துள்ளவும் செய்யும். 5.56 போடுகிற எம்416 அடங்கிப் போகும். தொடக்கத்தில் ஒரே துப்பாக்கியை எடுத்து அதன் கொடியை மனப்பாடம் செய்யுங்கள். காம்பென்சேட்டரும் முன்பிடியும் மாட்டினால் துள்ளல் குறையும், ஆனால் முதலில் எதுவும் மாட்டாமல் பழகினால் கை உறுதிப்படும்.

எவ்வளவு தோட்டா விடுவது என்பதைத் தூரம்தான் சொல்ல வேண்டும். ஓர் அறைக்குள் என்றால் விரலை எடுக்காமல் ஸ்ப்ரே. தெரு அகலத்துக்கு என்றால் நாலைந்து தோட்டா, ஒரு மூச்சு, மறுபடி நாலைந்து. அதற்கும் அப்பால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தூரத்து எதிரிக்கு முப்பதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ரீலோட் செய்யும்போது பிடிபடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சென்சிட்டிவிட்டி. யூடியூபில் பெரிய ஆட்டக்காரர் வைத்திருக்கிற எண்ணை அப்படியே போடுகிறார்கள், மூன்று நாளில் இன்னொருவருடைய எண்ணுக்கு மாறுகிறார்கள். கை எதையுமே பழகுவதில்லை. நீங்களே கண்டுபிடிக்கலாம். ட்ரெயினிங் கிரவுண்டில் இரண்டு இலக்குகளுக்கு நடுவே திரையை இழுத்துப் பாருங்கள். தொடர்ந்து தாண்டிப் போனால் எண்ணைக் குறையுங்கள், தொடர்ந்து எட்டாமல் நின்றால் கூட்டுங்கள். சரியாக வந்ததும் இரண்டு வாரம் அதைத் தொடாதீர்கள். பிஜிஎம்ஐயில் இன்னொன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்: கேமரா சென்சிட்டிவிட்டி நீங்கள் சுடாமல் பார்க்கும்போது, ஏடிஎஸ் சென்சிட்டிவிட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது. துப்பாக்கி மேலே ஏறி அடங்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது ஏடிஎஸ் எண்ணை. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் தொடங்கும்போது மவுஸ் வேகத்தைக் குறைவாகவே வையுங்கள். மவுஸ் பேடின் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்தால் குறைந்தது பாதி வட்டம் திரும்ப வேண்டும், அந்த அளவு போதும்.

இரண்டு கட்டைவிரலால் ஆடுகிறவர்களுக்கு ஒரு தடை உண்டு. வலது கட்டைவிரல் ஒன்றே பார்வையைத் திருப்ப வேண்டும், சுட வேண்டும், ஸ்கோப் திறக்க வேண்டும், குனிய வேண்டும், குதிக்க வேண்டும். ஒரு விரல் ஸ்கோப்பைத் தொடப் போன நேரத்தில் குறி நகராது. ஆகவே இடது ஆட்காட்டி விரலை ஃபோனின் மேல் ஓரத்தில் வளைத்து வைத்து, இடப்பக்க ஃபயர் பட்டனை அதற்குக் கொடுங்கள். மூன்று விரல் ஆட்டம். முதல் நாலு நாள் கை நண்டு மாதிரி மடங்கி வலிக்கும், முன்பைவிட மோசமாக ஆடுவீர்கள், பழைய முறைக்கே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். ஒரு வாரத்தில் கை வழிக்கு வந்துவிடும். ஜைரோஸ்கோப்பும் அப்படித்தான். ஃபோனையே கொஞ்சம் சாய்த்துத் துள்ளலை அடக்குகிற வசதி அது. ஸ்கோப் திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி வைத்துத் தொடங்குங்கள்.

காதும் வாயும்

காலடிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து, மேலே இருந்தா கீழே இருந்தா என்பதெல்லாம் இந்த ஆட்டங்களில் தெளிவாகக் கேட்கும். ஒயர் இயர்ஃபோன் போடுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் சற்றுத் தாமதமாக வரும், அதற்குள் ஆள் கதவைத் திறந்திருப்பார். தகரக் கொட்டகைக்குக் கீழே மழை நாளில் ஆடினால் பாதிச் சத்தம் போய்விடும், வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

வாய் விஷயத்தில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மாப்பிள்ளையின் ஸ்குவாடில் கேட்டது இவ்வளவுதான்: "டேய், அங்க இருக்கான்டா! அந்தா, அங்கதான்!" மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பினார்கள். நான் கேட்டேன், "தஞ்சாவூர்ல ஒருத்தருக்கு வழி சொல்றப்போ எப்படிச் சொல்லுவ?" "கீழவீதிலேருந்து தெக்குவீதி திரும்பி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். நம் ஊர்களில் கோயிலைச் சுற்றி வீதிகளுக்குத் திசையே பெயர். சின்ன வயதிலிருந்து திசை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பிஜிஎம்ஐ திரையின் உச்சியில் திசைகாட்டி டிகிரியோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. "தென்மேற்கு 225, மஞ்சள் வீடு, மாடி ஜன்னல், ஒருத்தன்." திசை, அடையாளம், உயரம், எத்தனை பேர். இந்த நாலும் வந்தால் மூன்று பேரின் கிராஸ்ஹேரும் ஒரே ஜன்னலுக்குப் போகும். செத்த பிறகும் இதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர் காலடிச் சத்தம் கேட்டாக வேண்டும்.

இரண்டு சண்டைக்கு நடுவில் செய்கிற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று தோட்டா சுட்டதுமே ரீலோட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். மேகஸினில் இருபது இருந்தால் அடுத்த ஆளுக்கு அது போதும். ஒருவரைச் சாய்த்ததும் அவர் பொருள்கள் இருக்கிற லூட் பெட்டியை நோக்கி ஓடாதீர்கள், அவருடைய டீம்மேட் அந்தப் பெட்டியைத்தான் குறிபார்த்துக்கொண்டிருப்பார். அடிபட்டால் முதலில் மறைவு, அப்புறம் ஃபர்ஸ்ட் எய்ட். அதைப் போட ஆறு நொடி ஆகும், வெட்டவெளியில் ஆறு நொடி கிடைக்காது. கூட்டாளி நாக் ஆகிவிட்டால், அதாவது சாகாமல் விழுந்துவிட்டால், உடனே பாய்ந்து போகாமல், சுட்டவர் எங்கே என்று முதலில் பாருங்கள். ஸ்மோக் போட்ட பிறகே அவரை எழுப்புகிற ரிவைவ்.

பயிற்சியை எப்படிப் பிரிப்பது

மாப்பிள்ளைக்கு நான் போட்டுக்கொடுத்தது இது. ரேங்க் மேட்சுக்கு முன்னால் ட்ரெயினிங் கிரவுண்டில் பத்து நிமிடம், அதில் பாதி சுவரில் ஸ்ப்ரே, பாதி நகர்ந்து நின்று தட்டுவது. அப்புறம் இரண்டு டிடிஎம், அதாவது டீம் டெத்மேட்ச். நாலுக்கு நாலு பேர், எந்த அணி முதலில் 40 கில் எடுக்கிறதோ அது ஜெயிக்கும். செத்தால் உடனே திரும்பி வரலாம் என்பதால், முழு மேட்சில் அரைமணி நேரத்தில் ஒரு தடவை கிடைக்கிற சண்டை இதில் நிமிடத்துக்கு நாலைந்து தடவை கிடைக்கும். ஸ்கோரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். திங்கள்கிழமை தலை உயரம் என்றால் அன்றைக்கு முழுக்கத் தலை உயரம்தான், ரீகாயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் போனால் எதுவும் நிற்காது. வாலரன்ட் ஆடுகிறவர்களுக்கு இதே வேலையை ரேஞ்ச் என்கிற பயிற்சி இடமும் டெத்மேட்சும் செய்யும்.

ஃபோன் சூடாக ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். சூடேறினால் ஃபோன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும், அந்தத் திக்கலுக்குக் கை தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு பிஜிஎம்ஐயே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் பழகுகிறவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எந்த வயதிலும் பயன் இல்லை. அதற்குமேல் ஆடுவது சோர்ந்த கையோடு ஆடுவது.

எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுப்பது சாவுதான். ஸ்குவாட் முழுக்கச் செத்ததும் லாபிக்கு ஓடாமல் ஸ்பெக்டேட் செய்து, சுட்டவர் திரையைப் பார்க்கச் சொன்னேன். அவர் எங்கே நிற்கிறார், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, என்னை எப்போது பார்த்திருப்பார். பார்த்துவிட்டு ஃபோனின் நோட்ஸில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். கண், கால், விரல், காது, இதில் எது தவறியது என்று.

பத்து நாள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து அந்த நோட்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதல் வரிகளில் கால், கால், கண், கால், வெட்டவெளி, கால், காது, கால். 'விரல்' என்ற சொல் இரண்டே இடத்தில் இருந்தது. கீழே ஒரு குரல் செய்தி.

"மாமா, நேத்து மாடிப்படில ஒருத்தன் வந்தான். நான் மூலைலேருந்து தள்ளி நின்னுட்டு இருந்தேன். அவன் தோள் முதல்ல தெரிஞ்சுது மாமா!"